லண்டன்ல ரூம் தேடப் போறவங்களுக்கு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். லண்டனுக்குப் படிக்கப் போற பிள்ளைங்க தங்க இடம் தேடுறதப் பத்திப் பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. நான் அங்க ஒரு மாணவர் சங்கத்துல வீட்டுப் பிரச்சனைகளுக்கு ஆலோசனை சொல்ற டெஸ்க்ல இருந்தவன், அங்க அழுதுட்டு வந்து உட்கார்ந்த பிள்ளைங்க கதையெல்லாம் கேட்டா நிறைய பேருக்குப் பிரச்சனை லண்டன்ல ஆரம்பிச்சதே இல்லங்க, ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே, கண்ணால பாக்காத ஒரு ரூமுக்கு அப்பா பணம் அனுப்பினாரே அன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சு. அதனால நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான், தனியார் வீட்டு ரூமுக்குப் பாக்காம பணம் கட்டாதீங்க, மத்ததெல்லாம் இத எப்படி சமாளிக்கிறதுன்னு சொல்றதுதான்.

முதல்ல காலேஜ் எங்க இருக்குன்னு பாருங்க. சிரிக்காதீங்க, இது பெரிய விஷயம். கிரீனிச் யூனிவர்சிட்டின்னு சேருவாங்க, ஆஃபர் லெட்டர்ல கேம்பஸ் மெட்வேன்னு இருக்கும், அது லண்டனே கிடையாது, கென்ட்ல சாத்தம்ங்கற ஊர். ராயல் ஹாலோவே லண்டன் யூனிவர்சிட்டியோட ஒரு காலேஜ்தான், ஆனா இருக்கறது சரே மாவட்டத்துல எகம்ல. ப்ரூனெல் அக்ஸ்பிரிட்ஜ்ல, மேற்குக் கோடி, ட்யூப் ரயில் கணக்குல 6வது ஸோன். நம்ம பசங்க என்ன பண்றாங்கன்னா, சொந்தக்காரர் இருக்காரு, தமிழ்க் கடை இருக்கு, முருகன் கோயில் பக்கத்துல இருக்குன்னு கிழக்குல ஈஸ்ட் ஹாம்ல ரூம் எடுத்துட்டு தினமும் அக்ஸ்பிரிட்ஜ் போயிட்டு வராங்க, ஊரோட ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடிக்கு, போக வர மூணு மணி நேரம் ரயில்லயே போயிடும், ரெண்டாவது மாசமே காலைல கிளாஸுக்குப் போறத நிறுத்திடுவாங்க. மைல் கணக்கு பாக்காதீங்க, எத்தன நிமிஷம், எத்தன தடவ வண்டி மாறணும்னு பாருங்க. 2022ல எலிசபெத் லைன்ங்கற ரயில் வந்தப்புறம் இந்தக் கணக்கே மாறிப் போச்சு, கிழக்குல இருக்கற இல்ஃபோர்ட்ல ஏறினா நேரா நடு லண்டன்ல டாட்டன்ஹம் கோர்ட் ரோடு, மாறவே வேணாம், அதவிட கிட்ட இருக்கற சில இடத்துல இருந்து ரெண்டு வண்டி மாறி வரவங்க இவங்களுக்கு அப்புறம்தான் வந்து சேருவாங்க.

சரி, இங்க இருந்தபடியே எத புக் பண்ணலாம்? யூனிவர்சிட்டி ஹால்ஸ், அதாவது யூனிவர்சிட்டியோட ஹாஸ்டல், பண்ணலாம், அதுக்கு அடுத்தபடி பெரிய கம்பெனிங்க மாணவர்களுக்குன்னே கட்டி வச்சிருக்கற தனியார் ஹால். ஆஃபர கன்ஃபர்ம் பண்ணின உடனே ஹால்ஸுக்கு அப்ளை பண்ணிடணும், விசா வரட்டும்னு உட்கார்ந்தா இடம் போயிடும். விசா கிடைக்கலன்னா என்ன ஆகும்னு கேப்பீங்க, நிறைய தனியார் ஹால்ல அதுக்கு ‘நோ விசா நோ பே’ன்னே ஒரு விதி வச்சிருக்காங்க, ஆனா எந்தத் தேதிக்குள்ள என்ன பேப்பர் அனுப்பினா அது செல்லும்ங்கறத கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிங்க. இன்னொண்ணு, இந்தக் கான்ட்ராக்ட் எல்லாம் வாரக் கணக்கு, மாஸ்டர்ஸ் பசங்களுக்குப் பெரும்பாலும் 51 வாரம். நடுவுல பிடிக்கலன்னு கிளம்ப முடியாது, உங்க எடத்துக்கு ஒரு ஆள நீங்களே பிடிச்சுக் குடுக்கணும். ஜனவரியில சேர்றவங்களுக்கு இதுவே லாபம், செப்டம்பர்ல எடுத்துட்டு விட்டுப் போறவங்க தள்ளிவிடப் பாப்பாங்க, அந்த மிச்ச வாரத்த பேசி எடுத்துக்கலாம், ஆனா ஹால் ஆபீஸ் மூலமா பேர் மாத்திக்கணும், வாய் வார்த்தையில கூடாது.

இந்த ரூம் தேடுற கஷ்டம் இன்னிக்கு நேத்து வந்ததில்ல. 1905ல ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட்ல இந்தியா ஹவுஸ் ஆரம்பிச்சாரே, பின்னாடி அது புரட்சிக்காரங்க கூடாரம்னு பேர் வாங்கினது வேற கதை, ஆரம்பிச்சது இந்திய மாணவர்கள் தங்கற விடுதியாத்தான், நம்ம வ.வே.சு. ஐயர் சட்டம் படிக்கப் போனப்ப புழங்கின இடம் அது. அப்புறம் 1920ல சேலத்துக்காரர் கே.டி. பால் ஆரம்பிச்ச இந்தியன் ஒய்.எம்.சி.ஏ., அது இப்பவும் ஃபிட்ஸ்ராய் ஸ்கொயர்ல இருக்கு, 1953ல கட்டின கட்டடம். போய் இறங்கின புதுசுல கொஞ்ச நாள் தங்கிட்டு வெளிய ரூம் தேடறவங்களுக்கு இந்த மாதிரி இடம்தான் தோது, ஆனா திடீர்னு போய் நின்னா இடம் இருக்காது, முன்னாடியே எழுதிக் கேட்டுக்கணும்.

ஹால்ஸ் கிடைக்கலன்னா, இல்ல அவ்வளவு வாடகை கட்டுப்படியாகலன்னா, வெளிய தனியார் ரூம்தான். இங்கதான் நம்ம ஆளுங்க அவசரப்படுறாங்க. லண்டன்ல தனியார் ரூம் விளம்பரம் ‘நாளைக்கே வரலாம்’, ‘அடுத்த மாசம் காலியாகுது’ங்கற மாதிரிதான் வரும், மே மாசம் உட்கார்ந்து செப்டம்பருக்குத் தேடினா உங்ககிட்ட வந்து மாட்டுறது மோசடிக்காரன் மட்டும்தான். அதனால ரெண்டு மூணு வாரத்துக்குத் தற்காலிகமா ஒரு இடம் பிடிச்சுட்டுப் போங்க, காலேஜ் தொடங்கறதுக்கு முன்னாடியே போய் இறங்கிடுங்க, அங்க இருந்தே ஸ்பேர்ரூம் மாதிரி சைட்ல பாத்து நேர்ல போங்க. அந்த ரெண்டு வார செலவு அதிகமாத்தான் தெரியும், தெரியட்டும்.

மோசடி எப்படி நடக்குதுன்னா, சென்ட்ரல் லண்டன்ல பளபளன்னு ஒரு ரூம், வாடகை பாதிதான், ஓனர் ‘நான் வெளிநாட்டுல இருக்கேன், டெபாசிட் போட்டுடுங்க, சாவிய கூரியர்ல அனுப்பறேன்’ம்பாரு, கேட்டா பாஸ்போர்ட் காப்பி கூட காட்டுவாரு, அது போன தடவ ஏமாந்த யாரோ ஒருத்தர் பாஸ்போர்ட்டா இருக்கும். அதனால ரூமப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க பாஸ்போர்ட் காப்பியயும் யாருக்கும் அனுப்பாதீங்க. அங்க ஹெச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரின்னு அரசாங்க நிலப்பதிவு ஆபீஸ் இருக்கு, அவங்க சைட்ல 7 பவுண்டு கட்டினா அந்த வீட்டோட ஓனர் பேர் என்னன்னு பதிவுல பாத்துக்கலாம். ஏமாத்தறவன் வீட்டு ஓனர் பேரயே வச்சுக்கிட்டும் பேசலாம், அதனால இது மட்டும் போதாது, ஆனா பேரே பொருந்தலன்னா அங்கயே விட்டுடலாமில்ல. ஏஜென்ட் மூலமா போனா, அவங்க அரசு அங்கீகரிச்ச புகார் அமைப்புல உறுப்பினரா இருந்தே ஆகணும்னு சட்டம் இருக்கு, கேளுங்க, தயங்கினாங்கன்னா எழுந்து வந்துடுங்க. லண்டன் மேயர் ஆபீஸ் சைட்லயும் தண்டனை வாங்கின ஓனருங்க, ஏஜென்ட்டுங்க பேரத் தேடிப் பாக்க வசதி இருக்கு.

இப்ப ஈஸ்ட் ஹாம் கதைக்கு வரேன், ஏன்னா நம்ம பிள்ளைங்க கடைசியில அங்கதான் போறாங்க, அதுல தப்பும் இல்ல, புது ஊர்ல தமிழ் கேக்கறது பெரிய தெம்பு. ஆனா ‘நம்ம ஆளு’ங்கற ஒரே நம்பிக்கையில ரசீது இல்லாம கேஷ் குடுக்கறது, வீட்டுக் கூடத்த தட்டி வச்சுத் தடுத்து ரெண்டு பெட்ரூமாக்கின வீட்ல ஏழு பேர் இருக்கறது, ‘இந்த அட்ரஸ எங்கயும் குடுக்காதப்பா’ன்னு சொன்னா தலையாட்டுறது, இதெல்லாம் வேணாம். அட்ரஸ் குடுக்காதன்னு யாராவது சொன்னா அந்த வீட்டுக்கு லைசென்ஸ் இல்லன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம். ஒரே குடும்பமா இல்லாத அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சமையலறை பாத்ரூம பகிர்ந்துக்கிட்டு வாடகைக்கு இருந்தா அந்த வீட்டுக்குக் கவுன்சில், அதாவது அந்த ஏரியா நகராட்சி, தர்ற லைசென்ஸ் வேணும், அதுல ஒரு ஆள் படுக்கற ரூம் 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அதாவது சுமார் 70 சதுர அடி, ரெண்டு பேருன்னா 10.22. கையில டேப் கொண்டு போங்கன்னு நான் சொன்னா சிரிப்பாங்க, ஆனா அளந்து பாத்தா தெரியும். ஈஸ்ட் ஹாம் இருக்கற நியூஹாம் கவுன்சில் இன்னும் ஒரு படி மேல, 2013லயே வாடகை வீடுங்களுக்கு ஏரியா முழுக்க லைசென்ஸ் கொண்டு வந்தாங்க, இங்கிலாந்துல முதல்ல செஞ்சது அவங்கதான், அதனால அந்த வீடு லைசென்ஸ் பட்டியல்ல இருக்கான்னு கவுன்சில்லயே கேட்டுக்கலாம்.

வாடகை சொல்லும்போது வாரத்துக்கா மாசத்துக்கான்னு கவனிங்க. வாரம் 200 பவுண்டுன்னா மாசம் 800ன்னு நம்ம மனசு போட்டுடும், இல்ல, வருஷத்துக்கு 52 வாரம், மாசத்துக்கு 866க்கு மேல வரும். டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, ரூமப் பிடிச்சு வைக்கற அட்வான்ஸ் ஒரு வாரத்துக்கு மேல கூடாது, 2019ல வந்த சட்டம் இது. அந்த டெபாசிட்ட ஓனர் தன் பாக்கெட்லயே வச்சுக்கவும் முடியாது, 30 நாளைக்குள்ள அரசாங்கம் அங்கீகரிச்ச மூணு திட்டத்துல ஒண்ணுல போட்டு உங்களுக்கு விவரம் தரணும், தரலன்னா டெபாசிட் மாதிரி மூணு மடங்கு வரைக்கும் கோர்ட் வாங்கிக் குடுக்கும். ஆனா ஓனரே அதே வீட்ல குடியிருந்து உங்களுக்கு ஒரு ரூம் விட்டா, அதுக்குப் பேரு லாட்ஜர், அங்க இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால லாட்ஜரா போனா டெபாசிட்ட சின்னதா வச்சுக்கங்க, எழுதி வாங்கிக்கங்க.

அப்புறம் கேரண்டர். யூ.கே.ல சம்பாதிக்கற ஒருத்தர் உங்களுக்கு ஜாமீன் நிக்கணும்பாங்க, ஆள் இல்லன்னா ஆறு மாச வாடகைய மொத்தமா வைன்னு கேக்கறதுதான் வழக்கமா இருந்துச்சு. 2025ல வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி 2026 மே 1ல இருந்து தனியார் வாடகை வீட்ல ஒரு மாசத்துக்கு மேல முன்கூட்டி கேக்கக் கூடாது, நீங்களும் ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்துட்டுக் கிளம்பலாம். நல்ல விஷயம்தான், ஆனா முழுப் பணமும் முன்னாடியே வைக்கற வழி அடைபட்டதால கேரண்டர் இல்லாத வெளிநாட்டுப் பிள்ளைய ஒதுக்கறதும் நடக்கும்னு எனக்குப் படுது, சில யூனிவர்சிட்டியே மாணவருக்கு கேரண்டரா நிக்கற திட்டம் வச்சிருக்கு, அத முதல்ல விசாரிங்க. மாணவர்களுக்குன்னே கட்டின தனியார் ஹாலுக்குப் பெரும்பாலும் இந்தப் புது விதி பொருந்தாது.

ஓனர் உங்க விசாவ ஆன்லைன்ல சரிபாக்க ஷேர் கோட்ன்னு நீங்க அரசாங்க சைட்ல எடுத்துக் குடுக்கற ஒரு குறியீடு கேப்பாரு, கோவப்படாதீங்க, 2016ல இருந்து இங்கிலாந்து முழுக்க அவங்க கேட்டே ஆகணும். கேக்காதவர்தான் சந்தேகத்துக்குரியவர். நாலு பேர் சேர்ந்து ஒரே அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டா ஒருத்தன் ஓடிப் போனாலும் அவன் பங்க மத்த மூணு பேரும் கட்டணும், ஃப்ரெண்ட்ஷிப்ப நம்பி போடற கையெழுத்து இல்ல அது.

ரூம் பாக்கப் போனா பகல்ல ஒரு தடவ, ராத்திரி ஸ்டேஷன்ல இருந்து நடந்து ஒரு தடவ. செப்டம்பர் வெயில்ல எல்லா ரூமும் அழகாத்தான் இருக்கும், டிசம்பர்ல அங்க நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், ஹீட்டர் ஓடலன்னா இருக்க முடியாது. அலமாரிக்குப் பின்னாடி சுவத்துல கறுப்பா பூஞ்சை இருக்கான்னு எட்டிப் பாருங்க, புதுசா பெயின்ட் அடிச்ச ஒரே ஒரு மூலை இருந்தா அங்க கைய வச்சுப் பாருங்க. கேஸ் சர்டிஃபிகேட் இந்த வருஷத்துதா, கரன்ட்டு கேஸ் பில்லு வாடகையில சேர்ந்திருக்கா, குளிர்காலத்துல அதுக்கு வரம்பு வச்சிருக்காங்களா, இதெல்லாம் வெக்கப்படாம கேளுங்க.

உள்ள போன அன்னிக்கே ஒவ்வொரு கறையயும் போட்டோ எடுத்து ஓனருக்கு மெயில்ல அனுப்பிடுங்க, தேதியோட இருக்கும். வீட்ல எல்லாரும் முழுநேர மாணவர்கள்னா கவுன்சில் டாக்ஸ்ங்கற வீட்டு வரி கிடையாது, அதுக்கு யூனிவர்சிட்டி சர்டிஃபிகேட்ட நீங்களேதான் கவுன்சிலுக்கு அனுப்பணும், வேலைக்குப் போற ஒருத்தர் சேர்ந்தா கணக்கு மாறும், அத யார் கட்டறதுன்னு முதல்லயே பேசிடுங்க. கடைசியா ஒண்ணு, படிப்பு முடிஞ்சு கிளம்பற அவசரத்துல அங்கத்த பேங்க் அக்கவுன்ட்ட மூடிடாதீங்க, டெபாசிட் திரும்ப வர சில வாரம் ஆகும், தகராறு வந்தா இன்னும் இழுக்கும், பணம் வந்து சேந்தப்புறம் மூடிக்கலாம். நன்றி, வணக்கம்.