கொழும்பு வெக்கையில் ஒரு பெரிய கேமிங் பிசி: வாட்டில் இருந்து தொடங்குங்கள்

[திரையில்: ஒரு கூலர் சோதனையின் வரைபடம்]

வெளிநாட்டில் ஒருவர் ஒரு கூலரைச் சோதித்து வீடியோ போடுகிறார். முழு வேகத்தில் ஓடும்போது பிராசஸர் 72 பாகை. அவருடைய அறை 21 பாகை. அதே கூலரை வாங்கிவந்து வெள்ளவத்தையில் ஏசி இல்லாத ஒரு மேல்மாடி அறையில் பூட்டினால் எவ்வளவு காட்டும்?

ஏப்ரல் மாதத்து மத்தியானத்தில் அந்த அறை 32 பாகைக்கு வந்துவிடும். பிராசஸர் ஏறக்குறைய 83 காட்டும். கூலரில் பிழை எதுவும் இல்லை. காற்றால் ஆற்றுகிற கூலரோ தண்ணீர்க் கூலரோ, எதுவுமே அறையின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. அறையைவிட எத்தனை பாகை கூட என்பது மட்டும்தான் கூலரின் கையில் இருக்கிறது. அங்கே 51 பாகை கூட, இங்கேயும் 51 பாகை கூட. ஆகவே எந்த விமர்சனத்தைப் பார்த்தாலும் முதலில் அவருடைய அறை வெப்பத்தைக் கழியுங்கள், பிறகு உங்கள் அறையைக் கூட்டுங்கள். அறை வெப்பத்தைச் சொல்லாத விமர்சனத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.

சரி, அப்படியென்றால் இருப்பதிலேயே பெரிய கூலரைப் போட்டால் முடிந்ததே என்று தோன்றும். பிராசஸருக்கு முடிந்தது. அறைக்குள் இருக்கிற உங்களுக்கு?

[திரையில்: 575 வாட்]

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்ட் தனியாக 575 வாட் வரை இழுக்கும். பிராசஸர், மதர்போர்ட், பேன்கள், மொனிட்டர் எல்லாம் சேர்த்தால் சுவரில் இருந்து வருவது 750, 800 வாட். இதில் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் முடிகிறது. கூலர் அந்த வெப்பத்தை அழிப்பதில்லை, சிப் எனும் சில்லில் இருந்து எடுத்து அறைக்குள் விடுகிறது. கூலர் எவ்வளவு திறமோ, அவ்வளவு சுத்தமாக அறைக்குள் வந்து சேரும். இரவு நான்கு மணித்தியாலம் கேம் அடிப்பது, ஓர் அயன்பெட்டியைப் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் போன்றதுதான்.

ஏசி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சாதாரண படுக்கையறை ஏசி மணிக்கு 9,000 பிடியூ (ஏசியின் வலுவைச் சொல்லும் வெப்ப அலகு). அதாவது சுமார் 2.6 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். உங்கள் 800 வாட் கம்பியூட்டர் ஏறக்குறைய 2,700 பிடியூ. ஏசியின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு கம்பியூட்டருக்கே போய்விடும். மிச்சம்தான் மேல்மாடி வெயிலுக்கும் உங்களுக்கும்.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடுவோம். 750 வாட், நாளுக்கு நான்கு மணித்தியாலம் என்றால் 3 யூனிட். மாதத்துக்கு 90. ஏசி இழுப்பது இதற்கு வெளியே. நம்முடைய வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிற முறை. ஏற்கெனவே பிரிட்ஜ், மோட்டர், வோஷிங் மெஷின் என்று ஓடுகிற வீட்டில் இந்த 90 யூனிட்டும் போய் உட்காருவது விலை கூடிய மேல்படியில். பில் கட்டுவது அப்பா என்றால் இந்த வீடியோவை அவருக்குக் காட்டாமல் இருப்பது நல்லது.

அதனால்தான் சாமான் தெரிவை வாட்டில் இருந்து தொடங்குங்கள் என்று சொல்கிறேன். கூலிங் என்பது கடைசியில் வாங்குகிற சாமான் அல்ல, கார்டைத் தெரிவு செய்கிறபோதே அது பாதி தீர்மானமாகிவிடுகிறது.

[திரையில்: நான்கு கார்ட்கள், அவற்றின் வாட்]

கார்டுக்கு முன்னால் மொனிட்டர். 1440பி (4கேயைவிட ஒரு படி குறைந்த துல்லியம்) மொனிட்டர் வைத்திருப்பவருக்கு 5090 தேவையே இல்லை. என்விடியாவின் 5070 டிஐ 300 வாட், ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி 304 வாட். இரண்டிலும் 16 ஜிபி நினைவகம். 1440பியில் இன்றைய கேம்களை உயர்ந்த செட்டிங்கில் ஓட்ட இவை போதும், 4கேயிலும் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் (சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் நுட்பங்கள்) போட்டு நன்றாகவே சமாளிக்கும். 5080 என்றால் 360 வாட். அதற்கு மேலே 5090 வரை ஒரே பாய்ச்சல்: 32 ஜிபி நினைவகம், ஆனால் வாட் ஒன்றரை மடங்குக்கும் மேல். 2025 ஜனவரியில் வந்தபோது அதற்கு அமெரிக்காவில் அறிவித்த விலை 1,999 டொலர். அந்த விலையை அப்படியே ரூபாவுக்கு மாற்றிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். இறக்குமதிச் செலவு, 18 சதவீத வற், கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதற்கு மேலே வரும்.

என்னைக் கேட்டால், கொழும்பில் ஒரு படுக்கையறையில் வைக்கிற மெஷினுக்கு 300 முதல் 360 வாட் கார்ட்தான் சரியான இடம். 4கே 240 ஹேர்ட்ஸ் மொனிட்டர், நல்ல ஏசி, அதோடு பிளெண்டர் போன்ற 3டி வேலையும் இருக்கிறதா? அப்போது 5090 பற்றிக் கதைக்கலாம்.

எந்தக் கார்ட் என்றாலும் வாங்கிய அன்றே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட் என்றொரு கோடு இருக்கும். அதை 80 சதவீதத்துக்கு இழுத்துவிடுங்கள். கம்பனிகள் கடைசிச் சொட்டு வேகத்தைப் பிழிவதற்காகக் கார்டை அதன் திறன் குறைகிற எல்லையில் ஓட்டுகின்றன. அந்த இடத்தில் கொஞ்சம் வேகத்துக்கு நிறைய வாட் செலவாகிறது. அதனால் வாட்டை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலும் வேகம் சில சதவீதம்தான் குறையும். கேம் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, அறைக்குத் தெரியும். இன்னொன்று, எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் பிரேம்கள்) எல்லை. 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் 230 எஃப்பிஎஸ் ஓடவிட்டால் பெரும்பாலும் மிச்சமாவது வெக்கைதான். போட்டி கேம் அடிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்கு விதிவிலக்கு தருகிறேன்.

[திரையில்: பிராசஸரின் குறுக்குவெட்டுப் படம்]

பிராசஸரில் நிறைய நேரம் செலவழிக்கத் தேவையில்லை. கேமுக்கு என்றால் ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி. 2024 நவம்பரில் வந்தது. இதன் பெரிய பலம் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். முந்தைய 7800எக்ஸ்3டியில் அந்த மேலதிகக் கேஷ், பிராசஸர் சில்லின் மேலே ஒட்டப்பட்டிருந்தது. கணக்குப் போடும் கோர்களின் வெப்பம் அதைத் தாண்டித்தான் கூலருக்கு வரவேண்டும். 9800எக்ஸ்3டியில் கேஷைக் கீழே கொண்டுபோய் கோர்களை மேலே வைத்துவிட்டார்கள். நம்முடைய ஊர் வெக்கைக்கு இது சின்ன விஷயம் இல்லை. முழுச் சுமையிலும் 162 வாட்தான் இதன் உச்சம், கேமில் அதைவிட நன்றாகக் குறைவு.

இன்டெல் 14900கே 253 வாட் வரை போகும். அது மட்டும் பிரச்சினை இல்லை. 13ஆம், 14ஆம் தலைமுறையின் பெரிய பிராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறு ஒன்று இருந்தது. 2024 ஓகஸ்டில் இருந்து அதற்கு மைக்ரோகோட் (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன. ஆனால் அதற்கு முன்பே பழுதடைந்த சில்லை எந்தத் திருத்தமும் பழையபடி ஆக்காது. ஆகவே செகண்ட் ஹேண்டில் மலிவாக ஒரு 13900கே வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் அதன் வரலாற்றைக் கேளுங்கள்.

இனி காற்றா தண்ணீரா.

9800எக்ஸ்3டிக்கு இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் ஒன்றே போதும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்ஈ போன்ற விலை குறைந்த ஒன்றே வேலையைச் செய்துவிடும். காசு இருந்தால் நொக்டுவா என்எச்-டி15. இவற்றில் பழுதாகக்கூடியது பேன் மட்டும். பேன் பழுதானால் இன்னொரு பேன் வாங்கிப் பூட்டலாம்.

ஏஐஓ, அதாவது எல்லாம் பூட்டியே வரும் தண்ணீர்க் கூலர் அழகாக இருக்கும், பெரிய வாட் பிராசஸருக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் அதற்குள் ஒரு பம்ப் சுழல்கிறது, அதற்கும் ஆயுள் உண்டு. குழாய் வழியாக மிக மெதுவாக நீர் ஆவியாகி, உள்ளே காற்று சேரும். அந்தக் காற்று பம்புக்குள் போகாமல் இருக்க ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கவேண்டும். பெட்டியின் அடியில் ரேடியேட்டரைப் பூட்டுவதை இதனால்தான் வேண்டாம் என்கிறார்கள். மரைன் டிரைவ், தெஹிவளை, முகத்துவாரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை, உப்புக் காற்று. கடற்கரைப் பக்கம் ஏசியின் வெளி யூனிட்டுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரிலும் அதேபோன்ற மெல்லிய அலுமினியத் தகடுகள்தான். வீட்டுக்குள் அந்த அளவுக்கு மோசமாகாது, ஆனால் யன்னல் எப்போதும் திறந்தே இருக்கிற அறையென்றால் மனதில் வையுங்கள்.

கண்ணாடிக் குழாய், வண்ணத் தண்ணீர் என்று முழு கஸ்டம் லூப் (தாங்களே பூட்டும் தண்ணீர்க் கூலிங்) கட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒரு விதியை மட்டும் மீறவேண்டாம்: பிராசஸர்மேல் பூட்டும் செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைக் கலக்காதீர்கள். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். வருடத்துக்கு ஒருமுறை திரவம் மாற்றும் பொறுமையும் வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

[திரையில்: குளிர்ந்த உலோகத்தில் நீர்த்துளிகள்]

சிலர் கேட்பார்கள், தண்ணீரையே சில்லரில் குளிர வைத்தால் என்ன? கொழும்பில் வேண்டவே வேண்டாம். இங்கே காற்றில் ஈரம் எவ்வளவு என்றால், பனிபடு வெப்பநிலை 24, 25 பாகையில் நிற்கிற நாட்கள் சாதாரணம். அதைவிடக் குளிர்ந்த எந்த மேற்பரப்பும் வியர்க்கும். மதர்போர்டுக்கு மேலே வியர்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏசி அறையிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. இரவு முழுக்க 20 பாகையில் ஏசி ஓடியிருக்கிறது, கம்பியூட்டர் நிறுத்தியிருக்கிறது, உலோகமெல்லாம் குளிர்ந்து போயிருக்கிறது. காலையில் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்தால் வெளிக் காற்றின் ஈரம் நேராக அதில் படியும். அரை மணித்தியாலம் விட்டுவிட்டுப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற கம்பியூட்டர் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதற்கு இந்த ஆபத்து இல்லை.

பெட்டிக்கு வருவோம். முன்பக்கம் வலை போட்ட பெட்டி. முன்னால் மூன்று பேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்றுக் கூட இருந்தால் தூசி வடிகட்டி வழியாக மட்டும் வரும், இடுக்குகள் வழியாக வராது. முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடியான மீன்தொட்டிப் பெட்டி வேண்டும் என்றால், அடியில் இருந்து கார்டுக்கு நேரே காற்று ஊதும் பேன்களை அதே பட்ஜெட்டில் சேருங்கள். அவை இல்லாமல் வாங்கினால் அது படம் எடுப்பதற்கான பெட்டிதான்.

பவர் சப்ளையில் மட்டும் மலிவு பார்க்கவேண்டாம். 5070 டிஐக்கு 750 வாட், 5080க்கு 850, 5090க்கு 1,000 என்பது என்விடியாவின் பரிந்துரை. ஏடிஎக்ஸ் 3.1 (பவர் சப்ளைக்கான தரம்) என்று போட்டிருப்பதை எடுங்கள். 2022இல் 4090 கார்ட்களின் பவர் கனெக்டர் உருகிய கதை ஞாபகம் இருக்கும். கனெக்டர் முழுதாக உள்ளே போகாததும் அதற்கு ஒரு காரணம். இடைவெளி தெரியாதவரை அழுத்துங்கள், வாய்க்குப் பக்கத்திலேயே வயரை மடிக்காதீர்கள். யூபிஎஸ் வாங்கும்போது 1,000 விஏ என்பதை 1,000 வாட் என்று எடுக்கவேண்டாம், பலவற்றில் அது 600 வாட்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கையே கழற்றிவிடுங்கள், ரவுட்டர் வயரோடு சேர்த்து. பழைய வீடென்றால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள்.

ராம் இரண்டு துண்டு, டிடிஆர்5 6000, மொத்தம் 32 ஜிபி. நான்கு துண்டு போட்டால் வேகத்தைக் குறைக்கவேண்டி வரலாம். பயோஸில் எக்ஸ்போவை (ராமை அதன் சொன்ன வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் பண்ண மறக்காதீர்கள். 2025 கடைசியில் ஏஐ நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளத் தொடங்கியதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது, ஆகவே இதன் விலையை முதலிலேயே கேட்டுவிட்டு மற்ற பட்ஜெட்டைப் போடுங்கள். எஸ்எஸ்டி ஜென்4 போதும். ஜென்5 இன்னும் ஒரு வெக்கைச் சாமான்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கும்போது ஒரே ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். விலையோடு இன்னொன்றும் கேளுங்கள்: “அண்ணா, இது கம்பனி வாரண்டியா, கடை வாரண்டியா? பழுதென்றால் எத்தனை நாள் எடுக்கும்?” பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

[திரையில்: கூலரின் அடிப்பக்கம், பாதுகாப்பு உறை]

பூட்டும்போது கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். சிரிக்கவேண்டாம், கடைக்குத் திரும்பி வருகிற “சூடாகிற” மெஷின்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாம் முடிந்தபிறகு சோதனை. இரவில் ஏசி போட்டுச் சோதிக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, நீங்கள் அடிக்கிற கனமான கேமை முக்கால் மணித்தியாலம் ஓட்டுங்கள். அறையில் ஒரு வெப்பமானி இருக்கட்டும், தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துக்கொள்ளுங்கள். கார்டின் வெப்பம் கூடுதலாகத் தெரிந்தால் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். ஐந்தாறு பாகைக்கு மேல் இறங்கினால் பெட்டிக்குள் காற்று போதவில்லை, பேன்களைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு பாகைதான் இறங்கியது, ஆனால் அறை வெப்பமானி மூன்று பாகை ஏறியிருக்கிறது என்றால் புதுக் கூலருக்குக் காசு எடுத்துவைக்க வேண்டாம். யன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் பேன் போடுங்கள், பவர் லிமிட்டை இன்னும் ஐந்து சதவீதம் கீழே இழுங்கள், மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் ஓட்டிப் பாருங்கள்.