கட்டையில் பிறந்த சொல்

நேயர்களுக்கு வணக்கம். கைப்பேசியிலும் கணினியிலும் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘லாக்-இன்’ செய்கிறோம்! அந்த ‘லாக்’ ஆங்கிலத்தில் மரக்கட்டையைக் குறிக்கும் சொல். ஆம், மரக்கட்டைதான். கடலில் மிதந்த கட்டை.

பாய்மரக் கப்பலில் போகிறீர்கள். கரை மறைந்துவிட்டது. மைல்கல் கிடையாது, சுற்றிலும் தண்ணீர். கப்பலின் வேகத்தை எப்படி அறிவது? கட்டையையும் கயிற்றையும் கொண்டு அளக்கும் முறையை வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இலேயே எழுதி வைத்தார். பின்னர் அது மேலும் செம்மைப்பட்டது. கால் வட்டமாக அறுத்த சிறு பலகை, வளைந்த விளிம்பில் கொஞ்சம் ஈயம். கடலில் போட்டால் நிமிர்ந்து நிற்கும். கப்பலோடு எளிதில் இழுபட்டு வராது. கட்டை நிற்கிறது, கப்பல் போகிறது, நடுவில் கயிறு ஓடுகிறது. அந்தக் கயிற்றில் ஏறக்குறைய 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒருவர் கையில் 28 விநாடி மணற்கடிகாரம். மணல் தீர்ந்ததும் அவர் குரல் கொடுப்பார், கயிற்றைப் பிடித்து நிறுத்துவார்கள். ஆறு முடிச்சு ஓடியிருந்தால் வேகம் ஆறு ‘நாட்’. நாட் என்றால் முடிச்சு.

இதில் நான் வியப்பது ஒன்று. 28 விநாடி ஒரு மணி நேரத்தில் எத்தனை பங்கோ, 14.4 மீட்டரும் 1,852 மீட்டர் கொண்ட கடல் மைலில் ஏறக்குறைய அத்தனை பங்கு. கணக்கு முழுவதும் கயிற்றிலேயே போட்டு வைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியும், கும்மிருட்டில், விரலால் முடிச்சை எண்ணியே வேகத்தைச் சொல்லிவிடுவார். விரலால்! இதைவிட அழகான கருவியை நான் அறியேன்.

அதனால்தான் புயல் செய்தியில் ‘மணிக்கு 40 நாட்’ என்று கேட்டால் மனம் பொறுப்பதில்லை. ஒரு நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல். மணி அந்த முடிச்சுக்குள்ளேயே இருக்கிறது. ‘40 நாட்’ என்றால் போதும், மீண்டும் சொல்கிறேன், ‘மணிக்கு’ வேண்டாம்.

கட்டை சொன்ன வேகத்தை முதலில் பலகையில் சுண்ணக்கட்டியால் குறித்து, பிறகு புத்தகத்தில் எழுதினார்கள். அது ‘லாக் புத்தகம்’. காற்றும் திசையும் அதில் ஏறின. காலப்போக்கில் எந்தப் பதிவும் ‘லாக்’ ஆனது. கணினியில் நம் வருகையைப் பதிவதும் அப்படித்தான்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். இணையத்தில் எழுதும் வலைப்பூவுக்கு ஆங்கிலத்தில் ‘பிளாக்’ என்கிறோமே, அதைப் பற்றி ஒரே வாக்கியம்: 1997இல் ‘வெப்லாக்’ என்று பிறந்த சொல் 1999இல் சுருங்கியபோது, ‘வெப்’ என்பதன் கடைசி எழுத்து மட்டும் நம் கட்டையோடு ஒட்டிக்கொண்டது. வணக்கம்.