கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் படகுகள்

எல்லோருக்கும் வணக்கம்.

திரையில் இருக்கும் இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒரு புல்வெளி. அதில் ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாகக் கறுத்த மரங்கள். படகை நிமிர்த்தி, மூக்கு வானத்தைப் பார்க்கும்படி மண்ணில் நட்டுவைத்த மாதிரி இருக்கிறதா? இவை அத்தனையும் கல்லறை மரங்கள். ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில், டிஸா ஆற்றங்கரையில் உள்ள சத்மார்ச்செக்கெ என்ற கிராமத்தில் இப்படிச் சுமார் 600 மரங்கள் நிற்கின்றன.

இவற்றுக்கு அவர்கள் மொழியில் 'ஃபெய்ஃபா' என்று பெயர். 'ஃபெய்' என்றால் தலை, 'ஃபா' என்றால் மரம். ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கிச் செய்கிறார்கள். ஊரார் சீர்திருத்தச் சபை என்ற புராட்டஸ்டன்ட் பிரிவுக் கிறிஸ்தவர்கள்; கல்லறையில் சிலுவை நடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அதனால் சிலுவைக்குப் பதில் மரம்.

சரி, ஏன் படகு? ஊரில் சொல்லும் கதை இது. அந்தக் காலத்தில் டிஸா கரை புரண்டால் ஊரைச் சுற்றித் தண்ணீர்தான். செத்தவரைப் படகில் ஏற்றித்தான் இடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் படகே கடைசியில் நினைவு மரமாயிற்று. இன்னொரு சாரார், படகில் வைத்துப் புதைத்த ஆதி மூதாதையர் வழக்கம் இது என்கிறார்கள். வேறு சிலருக்கு அது படகே இல்லை, மனித முகம். எனக்கு முதல் கதைதான் மனதுக்கு ஒட்டுகிறது. கார்ப்பாத்திய மலையில் பனி உருகி, மழையும் சேர்ந்தால், இங்கே ஆறு மளமளவென்று ஏறும். ஆற்றைச் சீரமைக்கும் வேலை 1846-லேயே தொடங்கியது. ஆனாலும் 2001 மார்ச்சில் எதிர்க்கரையில் தர்பா ஊர் அருகே கரை உடைந்தது. அப்படிப்பட்ட ஆற்றோடு வாழ்கிறவர்களுக்குப் படகுதானே முதலில் நினைவுக்கு வரும்?

ஒன்றை யோசியுங்கள். கல் என்றால் வைத்துவிட்டு மறந்துவிடலாம். மரம் உளுத்துப்போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது கோடரியை எடுத்தால்தான் இந்த வழக்கம் உயிரோடு இருக்கும். அவர்கள் எடுத்திருக்கிறார்கள். இந்த ஊரை நான் நேசிப்பது அதற்காகத்தான்.

அந்தக் கறுப்புப் படகுகளுக்கு நடுவே வெள்ளைப் பளிங்கில் ஒரு சமாதி தனியாகத் தெரியும். கவிஞர் கொல்ச்செய் ஃபெரென்ட்ஸ் அங்கே இருக்கிறார். சின்ன வயதில் அம்மை போட்டு ஒரு கண் போனவர். 1823 ஜனவரி 22-ஆம் தேதி இந்த ஊரில்தான் 'ஹிம்னுஸ்' கவிதையை முடித்தார். பின்னாளில் அதுவே தேசிய கீதமானது. அதில் இரண்டு ஆறுகள் வருகின்றன. பெரிய ஆறான டான்யூபுக்கு முன்னால் டிஸாவின் பெயரைச் சொல்கிறார்!

அப்புறம், இந்த வட்டாரத்துப் பிளம் பழம். வெள்ளம் வந்து போகும் கரையில் பாதி காடாக வளரும் ஒரு வகை உண்டு. இது என்ன பழம் என்று கேட்டவர்களுக்கு 'நெம் துதோம்', அதாவது 'தெரியாது' என்று பதில் வந்ததாம். அதுவே பெயராக நிலைத்துவிட்டது: 'தெரியாது பிளம்'. கோடை முடிகிற சமயத்தில் முற்றத்தில் பெரிய செப்புக் கொப்பரையை ஏற்றி, இந்தப் பழத்தை ஜாமாகக் காய்ச்ச, சர்க்கரை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காமல், நீளக் காம்புள்ள துடுப்பால் மணிக்கணக்காகக் கிளறுகிறார்கள். பதம் வந்ததா என்று பார்க்க ஒரு கரண்டி எடுத்து அப்படியே கவிழ்ப்பார்கள். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கொப்பரையை இறக்குவார்கள்.