முயல் வேட்டையும் கரிசல் நாய்களும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேட்டையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது நான் சற்றுத் தயங்கினேன். நான் பேசப்போகும் செயல் இன்று சட்டப்படி குற்றம். அதைச் செய்தவன் நான் என்பதை மறைத்துவிட்டு ஊர்ப்பெருமை பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிறுவயதிலும் இளவயதிலும் நாய்களோடு முயல் வேட்டைக்குப் போனவன் நான். அதில் கிடைத்த மகிழ்ச்சிக்கு ஈடான ஒன்றை அதன்பிறகு வந்த ஐம்பது ஆண்டுகளில் நான் அதிகம் கண்டதில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில் இருக்கிறது. காடு என்றதும் மரங்கள் அடர்ந்த வனத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்கே காடு என்றுதான் பெயர். ஐப்பசி மழைக்கு விதைத்த கம்பும் சோளமும் உளுந்தும் தை, மாசியில் வீட்டுக்கு வந்துவிடும். பருத்திமாரையும் பிடுங்கி அடுக்கிய பிறகு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கறுப்பு மண்ணும் அங்கங்கே சில பனைகளும் மட்டுமே நிற்கும். வேட்டைக் காலம் அப்போதுதான் தொடங்கும். பங்குனி பாதிவரை அது நீளும். அதற்குமேல் கரிசல் வெடித்துவிடும். ஓடுகிற வேகத்தில் நாயின் கால் வெடிப்புக்குள் போனால் எலும்பு முறிந்துவிடும் என்பதால், சித்திரை பிறந்துவிட்டால் என் தாத்தா யார் கூப்பிட்டாலும் நாயை அவிழ்க்க மாட்டார்.

அவரிடம் இருந்தவை கன்னி நாய்கள். உடல் கறுப்பு, கண்ணுக்கு மேலும் கால்களிலும் பழுப்பு. வெளிர்நிறமாக இருந்தால் அதைப் பால்கன்னி என்பார்கள். சிப்பிப்பாறை என்று இன்று எல்லோரும் அறிந்திருக்கிற நாயும் இதே வார்ப்புதான். இரண்டும் ஒரே இனம், நிறம்தான் வேறு என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அதைக் கேட்டுச் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. இரண்டுக்கும் பொதுவானது உடலமைப்பு. நீண்டு ஒடுங்கிய தலை, ஆழமான நெஞ்சு, முதுகோடு ஒட்டியதுபோல உள்வாங்கிய வயிறு, வில்போல் வளையும் முதுகெலும்பு. எங்கள் வீட்டுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள், "நாய்க்குச் சோறு போடுவதில்லையா?" என்று தவறாமல் கேட்பார்கள். மோர் ஊற்றிக் கரைத்த கம்மங்கூழ்தான் அதற்குச் சோறு. சதை போட்டால் ஓட்டம் போய்விடும்.

இந்த நாய்கள் மோப்பத்தை நம்பி வேட்டையாடுவதில்லை. கண்ணை நம்பி ஆடுகின்றன. முயல் கண்ணில் படும்வரை சோம்பேறிகளைப்போலப் பின்னால் நடந்துவரும். கண்ணில் பட்டுவிட்டால் பிறகு குரைப்புக்கூட வராது. குரைக்கிற மூச்சையும் சேர்த்து ஓட்டத்துக்கே கொடுத்துவிடும். முழு வேகத்தில் பாயும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை அதன் நான்கு கால்களும் தரையைவிட்டு எழுகின்றன: உடல் சுருங்கிப் பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி வரும்போது ஒருமுறை, உடல் முழுவதும் நீண்டு விரியும்போது மறுமுறை. குதிரைக்குக்கூட அது ஒரே முறைதான்.

விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுவோம். தாத்தாவோடு மாமா ஒருவரும் இரண்டு நாய்களும் வரும். எனக்கு வயது பன்னிரண்டு ஆனதும் மூன்றாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வயலை மூன்று பேரும் அகலமாகப் பிரிந்து, காற்றுக்கு எதிராக நடக்க வேண்டும். பேசக்கூடாது, இருமலும் கூடாது. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. தட்டைக்கு அடியிலோ புல்லுக்கு நடுவிலோ உடலளவுக்குச் சற்றே பள்ளம் பண்ணி, காதை முதுகில் படுக்கவைத்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மிதிக்கப் போகிறோம் என்கிற தூரம்வரை அசையாது. முயலைத் தேடினால் அகப்படாது, அதன் கண்ணைத் தேட வேண்டும் என்பது தாத்தாவின் பாடம். படுத்திருக்கும்போதும் அது கண்ணை மூடுவதில்லையாதலால், கறுப்பு மண்ணில் ஈரமாக ஒரு புள்ளி மின்னும். அந்தப் புள்ளியை நானாகக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின.

முயல் கிளம்பியதும் நாயை அவிழ்த்துவிடுவதில்லை. அது பனை உயர தூரம் ஓடட்டும் என்று தாத்தா கயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பார். நாய்கள் பின்னங்காலில் எழுந்து நின்று துடிக்கும். பிறகு "சூ" என்கிற ஒரே சொல். அவிழ்த்த பிறகு எல்லோருடைய கண்ணும் நாய்மேல்தான் போகும். அப்போது எனக்குக் கிடைத்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது: "ஏலே, நாயப் பாக்காத. முயலப் பாரு. நாய் எங்கிட்டுத் திரும்பும்னு முயல்தான் சொல்லும்."

அவர் சொன்னது உண்மை. நேர் ஓட்டத்தில் நாய் முயலை எட்டிவிடும். முயலுக்கும் அது தெரியும். நாயின் மூச்சு முதுகில் படுகிற நேரத்தில், ஓடுகிற வேகம் குறையாமலேயே பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். நீண்ட காலும் கனத்த உடலும் கொண்ட நாய் அந்த வேகத்திலேயே முன்னால் போய்விடும்; புழுதி கிளப்பி வளைந்து வருவதற்குள் முயல் பாதி வயலைக் கடந்திருக்கும். இரண்டு நாய் வேண்டியிருப்பது இதனால்தான். ஒன்று விரட்டும், மற்றது பின்தங்கினாற்போல அகலமாக ஓடி, திருப்பத்துக்காகக் காத்திருக்கும். இதை யாரும் அவற்றுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆறேழு ஓட்டங்களில் தமக்குள் எதையோ பேசி முடித்துவிட்டவைபோல வேலையைப் பிரித்துக்கொள்ளும். முயலும் சளைத்ததல்ல. பின்கால் நீளமாகையால் மேட்டுப் பக்கம் ஏறுவதில் நாயை மிஞ்சும். வேலி முள்ளைத் தேடி ஓடும். ஒருமுறை ஆட்டுமந்தைக்குள் புகுந்து ஆடுகளின் கால்களுக்கிடையே மறைந்ததைப் பார்த்திருக்கிறேன். மந்தைக்காரர் எங்களைப் பேசிய பேச்சை வானொலியில் சொல்ல முடியாது.

மொத்த ஓட்டமும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பாதிக்கு மேற்பட்ட நாள்களில் முயல்தான் வெல்லும். காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துவது இனிது என்கிறார் வள்ளுவர். அவர்மேல் எனக்குள்ள மரியாதைக்குக் குறைவில்லை. ஆனாலும் கரிசலில் ஒரு முயலைத் துரத்திப் பார்த்தவன் அந்தக் குறளை முழுமனத்தோடு ஒப்புக்கொள்வது கடினம்.

பிடிபட்ட முயலின் கறியில் நாய்களுக்கும் ஒரு பங்கு உண்டு. குழம்பு ருசியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் ஊர்த் திண்ணைகளில் மாதக்கணக்கில் பேசப்பட்டது ஓட்டத்தைப் பற்றித்தான், கறியைப் பற்றியல்ல. தப்பிப்போன முயல்களே அந்தக் கதைகளில் அதிகம். இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விந்தை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பின்னாளில் இங்கிலாந்தின் வாட்டர்லூ கோப்பை என்ற முயலோட்டப் போட்டியைப் பற்றிப் படித்தேன். 1836-இல் தொடங்கிய அந்தப் போட்டியிலும் முயலுக்குத் தூரம் கொடுத்து, இரண்டு நாய்களைச் சேர்த்துத்தான் விடுவார்களாம். முயலைத் திருப்பிய திறத்துக்கும் வேகத்துக்குமே அதிகப் புள்ளிகள். முயலைக் கொல்லாத நாயும் வெல்லலாம். எங்கள் தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் அந்த நடுவரை மச்சான் என்று அழைத்திருப்பார். அங்கும் சட்டம் வந்து 2005-இல் அது நின்றது.

நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. முயல் போன்ற சிறு விலங்குகளை வேட்டையாட உரிமம் பெறும் வழி அதில் முதலில் இருந்தது; 1991-இல் செய்த திருத்தத்தோடு அந்த வழியும் அடைபட்டது. உரிமம் என்று ஒன்று இருந்ததே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அந்தச் சட்டம் வேட்டை என்பதற்குத் தருகிற பொருளில், கொல்வது மட்டுமின்றி விரட்டுவதும் அடங்கும். முயலைப் பிடிக்காமல் நாயை ஓடவிட்டுப் பார்ப்பதும் வேட்டைதான். எங்கள் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டது.

நான் நிறுத்தியது 1975-இல். தப்பித்த முயலின் கண்ணைப் பார்த்து மனம் இளகிவிட்டது என்றெல்லாம் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. வேலையில் சேர்ந்த பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் தனியே அழைத்து, பிடிபட்டால் வேலையோடு சேர்ந்து மானமும் போய்விடும் என்று எடுத்துச் சொன்னார். பயந்து நிறுத்தினேன். சட்டம் சரி என்று ஒப்புக்கொள்ளும் அறிவு பிறகுதான் வந்தது. எங்களைப்போல நாயோடு நடந்து போனவர்களால் முயல் இனம் குறைந்திருக்குமா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. ஆனால் இரவில் மோட்டார் சைக்கிளில் வந்து, கண்கூசும் விளக்கடித்து, முயல் திகைத்து நிற்கும்போது அடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்த பிறகு அந்த ஐயத்தை வைத்து வழக்காட எனக்கு வாயில்லை.

மலையடிவாரத்தில் ராஜபாளையம் நாய்களை வைத்துப் பன்றி வேட்டையாடியவர்களின் கதை வேறு. அது கூட்டமும் ரத்தமுமான வேலை. ஒரே ஒருமுறை உடன் போனேன், எனக்கு ஒட்டவில்லை. அந்த மலைப்பகுதி 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது.

எனக்கு மிச்சமிருந்தது கண்மாய். வெயில் ஏறிக் கண்மாய் நீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்ப்பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊரே ஊத்தாவோடு தண்ணீருக்குள் இறங்கும். அடியும் நுனியும் திறந்த அந்தக் கூடையைச் சேற்றில் குத்தி, உள்ளே ஏதும் முட்டுகிறதா என்று மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவ வேண்டும். விரால் முட்டினால் கூடை கையில் அதிரும். எழுபதைத் தாண்டிய பிறகும் அதற்கு நான் போகிறேன். பாம்பு முட்டினாலும் அதே அதிர்வுதான் என்று என் மனைவி ஒவ்வோர் ஆண்டும் நினைவூட்டுகிறாள்.

நாய்களுக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலை வந்தது. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களை வளர்த்துக் கொடுத்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லியே பேசினார். அதற்கடுத்த வாரத்தில் குட்டி கேட்டு எங்கள் தெருவுக்குக் கார்கள் வந்தன. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வந்தவர்களில் ஒருவர்கூடத் தாய் நாய் எப்படி ஓடும் என்று கேட்கவில்லை. காது நிமிர்ந்திருக்குமா, நிறம் மாறாதா என்றே கேட்டார்கள். முன்பு ஓட்டம்தான் நாயைத் தேர்ந்தெடுத்தது. திரும்பத் தெரியாத நாய்க்குக் குட்டி எடுக்கமாட்டார்கள். அந்தத் தேர்வு கொடூரமானதும்கூட. ஓர் ஈற்றில் மூன்று குட்டிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தாத்தா என்ன செய்தார் என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. இன்று கண்தான் தேர்ந்தெடுக்கிறது. தூய வெள்ளை வேண்டும், மூக்கு இளஞ்சிவப்பாக வேண்டும் என்று ராஜபாளையம் நாயைப் பொறுக்கியெடுத்து வந்ததில், பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பது அந்த இனத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓட்டத்துக்கென்று அமைந்த உடலை மூன்றாவது மாடிக் குடியிருப்பில் கட்டிப்போட்டால், அது சோபாவைக் கிழிக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

ஊரிலேயே வைத்திருந்தாலும் ஓடவிட இடமில்லை. தரிசாய்க் கிடக்கும் காடெல்லாம் சீமைக் கருவேல் ஏறிவிட்டது. முயலுக்கு அது நல்ல மறைவு, நாய்க்கு அங்கே நுழைவு இல்லை. உழுகிற நிலமாக எஞ்சியிருக்கும் நான்கு ஏக்கரில்தான் எங்கள் பயிற்சி. மைத்துனரின் பேரன் பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டயர் கழற்றிய சக்கரத்தில் நீளமான கயிற்றைச் சுற்றி, அதன் முனையில் ஒரு சாக்குத் துண்டைக் கட்டியிருக்கிறான். அவன் மிதியைக் கையால் சுழற்றினால் சாக்கு மண்ணில் குதித்துக் குதித்து ஓடும். எங்கள் கன்னிப் பெட்டை அதைத் துரத்தும். சாக்குக்கு வெட்டித் திரும்பத் தெரியாது. இரண்டே நாளில் அவளுக்கு அது புரிந்துபோய், மூன்றாம் நாள் பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது இரண்டு முளைகளை அடித்து, கயிற்றை அவற்றில் வளைத்து விட்டிருக்கிறோம்.

போன மாசியில் ஒருநாள் பயிற்சி முடிந்து, அவளைக் கயிற்றில் பிடித்தபடி வரப்போரமாக வந்துகொண்டிருந்தேன். எனக்கு நான்கடி முன்னால் ஈரப்புள்ளி ஒன்று மின்னியது. நான் நின்றேன், முயல் கிளம்பிவிட்டது. அவள் பின்னங்காலில் எழுந்தாள். அவள் வாழ்நாளில் பார்க்கும் முதல் முயல் அது. என் வாயில் அந்த ஒற்றைச் சொல் வந்து நின்றதை நான் மறைக்கவில்லை. கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஒரு முழம் ஓடியது. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். முயல் நிதானமாகப் பனைகளைக் கடந்து கருவேல் மறைவுக்குள் போயிற்று. வெயில் ஏறும்வரை அவள் அந்தத் திசையைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. நானும் அவளை இழுக்கவில்லை.

வணக்கம்.