முதல் வாரத்தில் பதில் வந்ததா?

அனைவருக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளாக நான் மாஸ்டடான் என்ற சமூக ஊடகத்தின் சின்ன சர்வர் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். இருநூற்றுச் சொச்சம் கணக்குகள். அவற்றில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று பதிவுகளோடு நின்றுபோனவை. பராமரிப்பு வேலை பார்க்கும்போது அந்தக் கணக்குகள் கண்ணில் படும். பலவற்றில் கடைசிப் பதிவு ஏறக்குறைய ஒன்றுதான்: "யாராவது இருக்கிறீர்களா?" அதற்குக் கீழே ஒரு வரிகூட இருக்காது. நான் இன்று பேச வந்தது அந்த வெற்றிடத்தைப் பற்றி.

மையமற்ற சமூக ஊடகம் என்றால் என்ன என்று இந்த அவையில் நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்தின் கையில் எல்லாம் இருக்காது. ஆளாளுக்கு சர்வர் நடத்தலாம், சர்வர்கள் தங்களுக்குள் பொது நெறிமுறையில் பேசிக்கொள்ளும். மாஸ்டடான் பேசுகிற ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை 2018 ஜனவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரநிலையாக அறிவித்தது. இதேபோன்ற இன்னொரு தளமான புளூஸ்கையின் நெறிமுறை வேறு. இது போதும்.

இங்கே பயனர்கள் வருவது எப்போதும் அலை அலையாகத்தான். வேறெங்கோ ஒரு கதவு அறைந்து சாத்தப்படும், அன்று இங்கே கூட்டம் சேரும். 2019 அக்டோபர் கடைசியில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை அடுத்து, நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் மாஸ்டடானுக்கு வந்தது. 2022 அக்டோபர் கடைசியில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் பேரலையே அடித்தது. மாஸ்டடானுக்கு மாதம் ஒருமுறையாவது வந்துபோவோர் எண்ணிக்கை ஏறக்குறைய 3 லட்சத்திலிருந்து ஓரிரு மாதங்களில் 25 லட்சத்துக்கு ஏறியது. 2023 பிப்ரவரிக்குள் அது 14 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஏறியதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. இறங்கியதைப் பற்றி எழுதியவர்கள், "மக்களுக்கு இது பிடிக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை நான் ஏற்கவில்லை. பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்கிற கட்டம் வரைக்கும் பாதிப் பேர் வந்து சேரவே இல்லை.

அந்த 2022 நவம்பரில் என் தோழி ஒருத்தி சேர்ந்த கதையைச் சொல்கிறேன். பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துச் சரிசெய்வது அவளுக்கு உயிர். சேரும் பக்கத்தைத் திறந்துவிட்டு எனக்கு போன் செய்தாள். "எந்த சர்வர்னு கேக்குது. எதைப் போடட்டும்?" அதுதான் அவளுக்கு வந்த முதல் கேள்வி, அதற்கு விடை தெரியவில்லை. "எங்க சர்வர்லயே சேர்ந்துக்கோ" என்றேன். சேர்ந்தாள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் மூன்று மணி நேரம் வரவில்லை. அன்றைக்கு எங்கள் சர்வரில் பின்னணி வேலைகளெல்லாம் வரிசையில் தேங்கி நின்றன. வெளியே போக வேண்டிய பதிவு, உள்ளே வர வேண்டிய பதிவு, இவளுக்கான மின்னஞ்சல் எல்லாம் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டன. ஆர்வத்தோடு கதவைத் தட்டியவளை மூன்று மணி நேரம் வாசலில் நிற்கவைத்தேன். அது என் தவறு, இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஒருவழியாக உள்ளே வந்தாள். முகப்பு வெறுமையாக இருந்தது. யாரையும் பின்தொடராதவருக்கு அங்கே காட்ட ஒன்றுமில்லை. சரி என்று கடிகாரக்காரர்களைத் தேடினாள். வேறொரு சர்வரில் ஒருவரின் பக்கம் கிடைத்தது. பின்தொடர் என்பதை அழுத்தினால் மறுபடியும் உள்நுழையச் சொன்னது. "நான்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கேனே?" என்றாள். அந்த முகவரியை நகலெடுத்து, நம் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டி, அங்கிருந்து பின்தொடர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் ஒருவரின் பதிவில் ஒற்றைப் பதில்தான் தெரிந்தது என்று இவளும் ஒரு பதில் எழுதினாள். அதே விஷயத்தை ஐந்து பேர் முன்பே எழுதியிருந்தார்கள். அந்தப் பதில்கள் எங்கள் சர்வருக்கு வந்து சேரவே இல்லை, அதனால் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. வலையில் உள்ள எல்லாமே எல்லா சர்வருக்கும் போவதில்லை. இந்தக் குறையை 2025இல் வந்த பதிப்புகளில்தான் உருப்படியாகச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

கடைசியில் அவளே ஒரு படம் போட்டாள். பழைய கடிகாரம் ஒன்றின் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில், சிக்கலாகச் சுருண்டு கிடந்தது. இதை எப்படி நேராக்குவது என்று கேட்டிருந்தாள். மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை.

யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதம் எங்களிடம் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் அந்தப் பெருமைக்கான விலையைக் கொடுப்பவர் புதிதாக வருகிறவர். பெரிய நிறுவனத் தளங்களில் புதியவரின் பதிவை நாலு பேர் முன்னால் தள்ளிவிட ஓர் இயந்திரம் இருக்கிறது. அதன் நோக்கம் என்னவோ இருக்கட்டும், புதியவருக்கு யாரோ கேட்கிறார்கள் என்ற உணர்வு வந்துவிடுகிறது. எங்களிடம் அந்த வேலையை மனிதர்கள்தான் செய்ய வேண்டும். இயந்திரத்தை எடுத்துவிட்டோம், அந்த இடத்தில் ஆளைப் போட மறந்துவிட்டோம்.

புளூஸ்கை இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. 2024 பிப்ரவரி வரை அழைப்பு இருந்தால்தான் அங்கே சேர முடிந்தது. அதே ஆண்டு ஜூனில் ஸ்டார்ட்டர் பேக் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வானியல்காரர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என்று யார் வேண்டுமானாலும் ஆட்களைத் தொகுத்து வைக்கலாம், புதியவர் ஒரே அழுத்தில் அத்தனை பேரையும் பின்தொடரலாம். முதல் நாளே முகப்பு நிறைந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் பிரேசில் நீதிமன்றம் எக்ஸ் தளத்தை, அதாவது பழைய ட்விட்டரை, முடக்கியபோது ஒரு வாரத்துக்குள் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் புளூஸ்கைக்கு வந்தார்கள். அக்டோபரில் 1.3 கோடியாக இருந்த கணக்குகள் நவம்பர் 19 அன்று 2 கோடியைத் தொட்டன.

ஆனால் அங்கேயும் கணக்குகள் ஏறிக்கொண்டே போனபோது, தினமும் பங்கெடுப்போர் எண்ணிக்கை அந்த நவம்பர் உச்சத்திலிருந்து இறங்கியது. இன்னொன்று, அங்கே பெரும்பாலானவர்களின் கணக்குகள் அந்த நிறுவனத்தின் சர்வர்களிலேயே இருக்கின்றன. சர்வரைத் தேர்ந்தெடுக்கும் தலைவலியை எடுத்துவிட்டால் கூட்டம் ஓரிடத்தில்தான் குவியும். மாஸ்டடானும் 2023 மேயில் சேரும் பக்கத்தில் மாஸ்டடான் டாட் சோஷியல் என்ற தன் சொந்த சர்வரை இயல்பான தேர்வாக முன்னால் வைத்தது. அப்போது பலர் சண்டைக்கு வந்தார்கள், நானும் கோபப்பட்டேன். "எதைப் போடட்டும்?" என்று கேட்ட தோழியை நினைத்துப் பார்க்கும்போது, அந்த முடிவு சரி என்றே இப்போது படுகிறது. ஆனால் வந்தவரைப் பிறகு ஒரு சின்ன சர்வருக்கு வழியனுப்பும் ஏற்பாடும் கூடவே இருக்க வேண்டும். அதைத்தான் இன்னும் யாரும் ஒழுங்காகச் செய்யவில்லை.

வந்தவரைத் தக்கவைத்தல் என்ற சொல்லுக்கே இங்கே வேறு பொருள் உண்டு. நிறுவனத் தளத்தில் வெளியே போகிறவர் இழப்புக் கணக்கில் சேருவார். இங்கே ஒருவர் என் சர்வரை விட்டு வேறு சர்வருக்குப் போனால் அவர் வலையில் இருந்து போகவில்லை. பின்தொடர்பவர்கள் அவர் கூடவே நகர்ந்துவிடுவார்கள். மாஸ்டடானில் பழைய பதிவுகள் மட்டும் கூட வராது, அது பெரிய குறை. பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் நகரவும் முடியும். 2024 பிப்ரவரியில் குவியர் டாட் ஏஎஃப் என்ற சர்வரின் முகவரியை ஆப்கானிஸ்தானின் தாலிபான் ஆட்சி முடக்கியது. அந்த நாட்டுக்குரிய டொமைனில் அது இயங்கிவந்தது. இப்படித் திடீரென்று முகவரி பறிபோனால், பிடிக்காமல் போனவரும் போக்கிடம் இல்லாமல் போனவரும் புள்ளிவிவரத்தில் ஒரே வரியில் வந்துவிடுவார்கள். தாங்களாகவே சர்வரை மூடுகிற அட்மின்களாவது பல மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் மன்றாடுவது இதனால்தான்.

தோழியின் படத்துக்குத் திரும்புகிறேன். நாலாவது நாள் அதைத் தற்செயலாகப் பார்த்தேன். ஹேஷ்டேக் ஒன்றுகூட இல்லை. பின்தொடர்பவர்கள் இருவர், அதில் நான் ஒருவன். கடிகாரக்காரர்கள் பயன்படுத்தும் இரண்டு ஹேஷ்டேக்கைச் சேர்க்கச் சொல்லி, அதை மறுபகிர்வு செய்தேன். அன்று இரவே வேறொரு சர்வரிலிருந்து ஒருவர் எழுதினார். சுருளை வெளியிலிருந்து தொடாதே, சிக்கல் தொடங்குகிற இடத்தைப் பூதக்கண்ணாடியில் கண்டுபிடி, அங்கே இரண்டு சாமணத்தால் பிடித்து மெல்லத் திருகு என்று, எந்தப் பக்கம் திருகுவது என்பதையும் படம் வரைந்து காட்டியிருந்தார். அவள் அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, "பாத்தியா!" என்றாள்.

அந்த வாரமே எங்கள் சர்வரில் மூன்று பேர் முறை போட்டுக்கொண்டோம். காலையில் ஒருவர், மதியம் ஒருவர், இரவில் ஒருவர் என்று, எங்கள் சர்வர்க்காரர்களின் பதிவுகள் வரிசையாக வரும் உள்ளூர் டைம்லைனைப் படிப்பது. புதியவர் யார் அறிமுகம் எழுதினாலும் அன்றே பதில் போடுவது, அவர் விஷயத்தில் ஆர்வமுள்ள ஐந்தாறு பேரைக் கோத்துவிடுவது. நாளுக்குப் பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு வந்தவர்களில் "யாராவது இருக்கிறீர்களா?" என்ற பதிவோடு நின்றவர்கள் மிகக் குறைவு. இப்போது இரவு முறை பார்ப்பது அந்தத் தோழிதான்.