கோப்பையைத் தீர்மானிப்பது அட்டவணை

அனைவருக்கும் வணக்கம். இந்த அரங்கில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறீர்கள். சனிக்கிழமை ஆனால் டிவியை விட்டு நகராதவர்கள் ஒரு வகை. ஆட்டம் இருப்பது தெரியாமல் நார்த் கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில் பக்கம் காரை விட்டு மாட்டிக்கொண்டவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கும் புரிகிற மாதிரி பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை எப்படி ஆடுவது என்பதற்குள் நான் போகப்போவதில்லை. யார் யாரோடு ஆட வேண்டும் என்று எப்படி முடிவாகிறது, அணிகள் பெருகப் பெருக அதில் என்ன கெடுகிறது, இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

2021 நவம்பரில் வேக் ஃபாரஸ்ட் அணி சேப்பல் ஹில்லுக்கு வந்தது. அதுவரை ஆடிய 8 ஆட்டங்களிலும் ஜெயித்துவிட்டு வந்த அணி. நார்த் கரோலினாவோடு மல்லுக்கட்டி 58–55 என்று தோற்றுப் போனது. இரண்டுமே ஏ.சி.சி. என்ற அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸைச் சேர்ந்தவை. கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடி ஒரு சாம்பியனை முடிவு செய்யும் கல்லூரிகளின் கூட்டணி. 1953-இல் அந்தக் கான்ஃபரன்ஸைத் தொடங்கி வைத்த கல்லூரிகளில் இரண்டும் உண்டு. ஆனால் அந்தத் தோல்வி ஏ.சி.சி. பட்டியலில் ஏறவே இல்லை. கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடிய ஆட்டம் என்று கணக்கு எழுதிவிட்டார்கள். கான்ஃபரன்ஸை அப்போது இரண்டு பிரிவாக வைத்திருந்தார்கள். வேக் ஃபாரஸ்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்து, இரண்டு பிரிவின் முதல் அணிகளும் மோதும் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கே போய்விட்டது.

இதென்ன கூத்து என்றுதானே கேட்கிறீர்கள்? இரண்டு கல்லூரிகளும் அந்த ஆட்டத்தைத் தாங்களாகவே பேசி வைத்துக்கொண்டன. கான்ஃபரன்ஸ் போட்ட அட்டவணையை நம்பியிருந்தால் அவர்கள் சந்திக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்கிறேன். ஏ.சி.சி.யில் அப்போது 14 அணிகள், பிரிவுக்கு 7. இவர்கள் இருவரும் வேறு வேறு பிரிவு. ஒரு அணிக்குக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் 8. சொந்தப் பிரிவில் இருக்கும் மற்ற 6 பேரோடும் ஆடியாக வேண்டும். அடுத்த பிரிவிலிருந்து ஒரு நிரந்தர எதிராளி. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆட்டம். அடுத்த பிரிவில் மீதி உள்ள 6 அணிகளும் அந்த ஒரு இடத்துக்கு வரிசையில் நிற்கின்றன. ஆக 6 வருஷத்துக்கு ஒரு சந்திப்பு; நம் ஊர் மைதானத்தில் என்றால் 12 வருஷத்துக்கு ஒரு முறை. காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கு இந்த நிலைமை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் முகம் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டது கான்ஃபரன்ஸ்.

சரி, இந்தப் பிரிவுகள் எதற்கு வந்தன? பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, ஒரு விதி. கான்ஃபரன்ஸில் 12 அணிகள் இருந்து, அதை இரண்டாகப் பிரித்து, பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடினால், கடைசியில் ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி சொன்னது. இரண்டாம் நிலையில் ஆடிய ஒரு பென்சில்வேனியா கான்ஃபரன்ஸுக்காக 1987-இல் கொண்டுவந்த விதி அது. தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யின் கமிஷனர் ராய் கிரேமர் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். ஆர்கன்சாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்து 12 ஆக்கி, கிழக்கு மேற்கு என்று பிரித்து, 1992 டிசம்பரில் பர்மிங்ஹாமில் முதல் சாம்பியன்ஷிப் ஆட்டத்தை நடத்தினார். அலபாமா 28–21 என்று ஃப்ளோரிடாவை வென்றது. டிவிக்காரர்கள் பணத்தோடு வந்தார்கள். அப்புறம் எல்லாருக்கும் 12 மேல் ஆசை வந்துவிட்டது.

12 வரைக்கும் இந்த ஏற்பாடு ஓரளவு நடந்தது. சங்கடம் 14-இல் ஆரம்பித்தது. 2012-இல் மிசூரியும் டெக்சஸ் ஏ அண்ட் எம்-மும் எஸ்.இ.சி.க்கு வந்தன. டெக்சஸ் ஏ அண்ட் எம் மேற்கு, அதில் சந்தேகம் இல்லை. மிசூரியை எங்கே போடுவது? கிழக்கில் போட்டார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: மேற்குப் பிரிவில் இருந்த 7 அணிகளில் 5 அணிகள் மிசூரிக்குக் கிழக்கே இருக்கின்றன. அந்த மிசூரிதான் 2013, 2014 இரண்டு வருஷமும் கிழக்குப் பிரிவை ஜெயித்தது! ஆபர்னைக் கிழக்குக்கு மாற்றியிருந்தால் வரைபடம் சரியாக வந்திருக்கும். ஆனால் ஆபர்னையும் அலபாமாவையும் தனித்தனியாக உட்கார வைக்க யாருக்குத் தைரியம்?

இதில் நிரந்தர எதிராளி ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அலபாமா–டென்னசி ஆட்டத்தையும் ஆபர்ன்–ஜார்ஜியா ஆட்டத்தையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. இரண்டும் பிரிவைத் தாண்டிய பழைய பகை. இரண்டு ஜோடிக்காக ஏற்பாடு செய்தால் மற்ற 10 அணிகளுக்கும் ஜோடி தேட வேண்டுமே? தேடினார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம்-முக்கு சவுத் கரோலினாவைக் கட்டி வைத்தார்கள். இரண்டுக்கும் ஃபுட்பாலில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டெக்சஸில் உள்ள அலமோ கோட்டையில் இறந்த ஜேம்ஸ் பானம் சவுத் கரோலினாக்காரர் என்று எப்படியோ கண்டுபிடித்து, அவர் பெயரில் ஒரு கோப்பையும் செய்தார்கள். கோப்பை செய்வது சுலபம். பகை வளர நூறு வருஷம் ஆகும்.

இந்தக் கட்டாய ஜோடிகளுக்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? ஜார்ஜியாவும் ஏ அண்ட் எம்-மும் 2012 முதல் 2023 வரை ஒரே கான்ஃபரன்ஸில் இருந்து ஆடியது ஒரே ஒரு ஆட்டம். 2019-இல், ஜார்ஜியாவின் ஊரில். அந்த 12 வருஷத்தில் ஜார்ஜியா ஒரு தடவைகூட ஏ அண்ட் எம் மைதானத்துக்குப் போகவில்லை. ஆபர்ன்–ஃப்ளோரிடா கதை இன்னும் மோசம். 2002 வரை வருஷா வருஷம் ஆடிக்கொண்டிருந்தவர்கள். நிரந்தர எதிராளிகளை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்ததும் அது போச்சு. 2011-க்குப் பிறகு மறுபடி 2019-இல்தான் சந்தித்தார்கள்.

பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ் வேறு வழியில் போய் வேறு விதமாக மாட்டிக்கொண்டது. 2011-இல் நெப்ராஸ்கா வந்து 12 ஆனதும், திசை பார்க்காமல் பலம் பார்த்துப் பிரித்தார்கள். மிஷிகன் ஒரு பக்கம், ஒஹாயோ ஸ்டேட் மறு பக்கம். பிரிவுகளுக்கு லெஜண்ட்ஸ், லீடர்ஸ் என்று பெயர். யார் எதில் என்று ரசிகர்களுக்கே கடைசி வரை மனதில் நிற்கவில்லை. ஊரே சிரித்தது. 2012-இல் லீடர்ஸ் பிரிவில் முதல் இரண்டு இடம் பிடித்த ஒஹாயோ ஸ்டேட்டும் பென் ஸ்டேட்டும் தண்டனையில் இருந்ததால் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்குப் போக முடியவில்லை. கான்ஃபரன்ஸில் 4 வெற்றி, 4 தோல்வி என்று மூன்றாவதாக வந்த விஸ்கான்சின் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்குப் போய், நெப்ராஸ்காவை 70–31 என்று நொறுக்கியது. 2014-இல் மேரிலாந்தும் ரட்கர்ஸும் வந்த பிறகு, பேசாமல் கிழக்கு மேற்கு என்றே பிரித்துவிட்டார்கள். ஒஹாயோ ஸ்டேட், மிஷிகன், பென் ஸ்டேட், மிஷிகன் ஸ்டேட் நாலும் கிழக்கில். விளைவு? 2014 முதல் 2023 வரை 10 சாம்பியன்ஷிப் ஆட்டங்கள். பத்தையும் கிழக்கே ஜெயித்தது. மேற்குப் பிரிவின் முதல் அணி வருஷம் தவறாமல் உதை வாங்கத்தான் போய்க்கொண்டிருந்தது. கிழக்கில் இரண்டாவதாக வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்கள்.

நம் ஏ.சி.சி.யிலும் பலம் பார்த்துத்தான் பிரித்தார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் ஒரு பிரிவு, மயாமி மறு பிரிவு. கடைசியில் இவர்கள் இருவரும் மோதுவார்கள், நாடே பார்க்கும் என்று ஒரு கனவு. பிரிவுகள் இருந்த காலம் முழுக்க அந்த ஆட்டம் ஒரு தடவைகூட நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, மயாமி இருந்த கோஸ்டல் பிரிவில் 2013 முதல் 2019 வரை 7 வருஷத்தில் 7 வெவ்வேறு அணிகள் முதலிடம் பிடித்தன. பிரிவில் இருந்ததே 7 அணிகள்தான். முறை வைத்துக்கொண்டார்களோ என்று எனக்கு இன்னமும் ஒரு சந்தேகம்.

பிரிக்க வேண்டும் என்ற விதியையே 2022 மே மாதம் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே மேற்குக் கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸ் தன் பிரிவுகளைக் கலைத்தது. அடுத்த வருஷம் ஏ.சி.சி., அதற்கடுத்த வருஷம் பிக் டென்னும் எஸ்.இ.சி.யும். இது நல்ல முடிவு என்பதுதான் என் கட்சி. பிரிவு என்பது, கட்டடம் கட்டப் போடுகிற சாரம் மாதிரி, சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்காகக் கட்டியது. விதி போன பிறகு சாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் பிரிவை எடுத்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடுமா என்றால், அது எத்தனை அணிகள் என்பதைப் பொறுத்தது. 14 அணிகள் இருந்தபோது ஏ.சி.சி. போட்டது அழகான கணக்கு. எதிராளிகள் 13 பேர். 3 பேர் நிரந்தரம். மிச்சம் 10 பேரில் இந்த வருஷம் 5, அடுத்த வருஷம் 5. மொத்தம் 8 ஆட்டம். நாலு வருஷம் படிக்கிற பிள்ளை எல்லா அணியையும் தன் மைதானத்தில் ஒரு தடவையாவது பார்த்துவிடும். டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து 16 ஆன எஸ்.இ.சி.க்கு அதே முறையில் 9 ஆட்டம் வேண்டும்: 3 நிரந்தரம், 12-இல் பாதி 6. அந்த ஒன்பதாவது ஆட்டம் வேண்டாம் என்றுதான் வருஷக்கணக்கில் அடம் பிடித்தார்கள். காரணம் எளிது. 16 அணிகளுக்கு ஆளுக்கு ஒரு ஆட்டம் கூட்டினால், கான்ஃபரன்ஸில் 8 தோல்வி கூடும். அந்த இடத்தில் ஏதாவது ஒரு சின்னக் கல்லூரியை வரவழைத்து அடித்து அனுப்பினால் வெற்றி நிச்சயம். பயிற்சியாளர் வேலை வெற்றிக் கணக்கில் தொங்குகிறது. அவர் ஏன் சம்மதிப்பார்? கடைசியில் 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார்கள். 2026 முதல் 9 ஆட்டம். டெக்சஸுக்கு நிரந்தரம் ஓக்லஹோமா, ஏ அண்ட் எம், ஆர்கன்சா. மூன்றும் உண்மையான பகை. 2011-இல் அறுந்துபோன டெக்சஸ்–ஏ அண்ட் எம் ஆட்டம் 2024 நவம்பரில்தான் மறுபடி நடந்தது, டெக்சஸ் 17–7. இனி அது வருஷா வருஷம். அலபாமா–எல்.எஸ்.யு. (லூயிசியானா ஸ்டேட்) ஆட்டம் அந்தப் பட்டியலில் இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று இடம்தானே இருக்கிறது.

பிக் டென் 18 அணிகள். அவர்கள் செய்த காரியம் எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஆளுக்கு இத்தனை என்று நிரந்தர எதிராளிகளைப் பங்கு வைக்கவில்லை. எங்கே பகை உண்டோ அங்கே மட்டும் காப்பாற்றினார்கள். மொத்தம் 12 ஜோடி. அயோவாவுக்கு 3 பேர்: மினசோட்டா, நெப்ராஸ்கா, விஸ்கான்சின். பென் ஸ்டேட்டுக்கு ஒருவரும் இல்லை. இல்லாத பகைக்குக் கோப்பை செய்வதை விட இது எவ்வளவோ மேல்.

இப்போது ஏ.சி.சி. என்ன ஆனது பாருங்கள். 14-இல் அழகாக ஓடிய கணக்கை ஒரே வருஷத்தில் கெடுத்துக்கொண்டார்கள். 2024-இல் டெக்சஸில் இருக்கும் எஸ்.எம்.யு., கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி மூன்றையும் சேர்த்தார்கள். பசிபிக் கரையில் இருக்கும் இரண்டு கல்லூரிகள் அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில். ஃபுட்பால் அணி அந்தப் பயணத்தை எப்படியோ சமாளிக்கும், வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான். வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பெண்கள் பரீட்சைக்கு விமானத்தில்தான் படிக்க வேண்டும். அதை விடுங்கள், 17 என்ற எண்ணிலேயே வில்லங்கம் இருக்கிறது. இவர்களும் 2026 முதல் 9 ஆட்டத்துக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். 17 அணிகள், ஆளுக்கு 9 ஆட்டம், 153. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணி வேண்டும். 153-ஐ இரண்டால் வகுக்க முடியாது. ஆகவே வருஷம் ஒரு அணியாவது 8 ஆட்டத்தோடு நிற்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லியிருக்கும்.

அணிகள் இப்படிப் பெருகியதன் பலன் 2025-இல் தெரிந்தது. 17 அணிகள், அப்போது இன்னும் 8 ஆட்டம்தான். பாதிப் பேரோடுதான் யாரும் ஆட முடியும். வர்ஜீனியா 7 வெற்றி, 1 தோல்வியோடு முதலிடம். அடுத்து 5 அணிகள் 6–2 என்று சமமாக நின்றன: டியூக், மயாமி, ஜார்ஜியா டெக், எஸ்.எம்.யு., பிட்ஸ்பர்க். இவர்களில் எல்லாரும் எல்லாரோடும் ஆடியிருந்தால் யார் யாரை அடித்தார்கள் என்று பார்த்திருக்கலாம். ஆடவில்லை. அதனால் யாருடைய எதிராளிகள் அதிகம் ஜெயித்தார்கள் என்று சதவீதம் போட்டுப் பார்த்தார்கள். வந்தது டியூக். சீசன் முழுக்கச் சேர்த்து 7 வெற்றி, 5 தோல்வி வைத்திருந்த டியூக், சார்லட்டில் வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் 27–20 என்று வென்று ஏ.சி.சி. சாம்பியன் ஆனது. அந்தச் சாம்பியனுக்கு, நாட்டின் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் தேசிய பிளேஆஃப்பில் இடம் கிடைக்கவில்லை. சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கே போகாத மயாமிக்குக் கிடைத்தது.

டியூக் மேல் தப்பு சொல்ல மாட்டேன். இந்த அரங்கில் டியூக்கில் படித்தவர்கள் இருப்பீர்கள், உங்களைப் பகைத்துக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை. அவர்கள் முன்னால் வைத்த ஆட்டத்தை ஆடினார்கள், ஜெயித்தார்கள். யாரை அவர்கள் முன்னால் வைப்பது என்ற முடிவு சில வருஷத்துக்கு முன்பே ஒரு அலுவலகத்தில் எடுத்தாகிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன். 10 அணிகள் இருந்து எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் சாம்பியனை மைதானம் சொல்லும். 17, 18 என்று போனால் பாதியை அட்டவணை சொல்லிவிடுகிறது.

இதில் யாரும் பாடம் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் பாடம் 30 வருஷமாக அங்கேயே இருக்கிறது. 1996-இல் டபிள்யூ.ஏ.சி. என்ற கான்ஃபரன்ஸ் 16 அணிகளுக்குப் போனது. ஹவாயிலிருந்து ஹூஸ்டனில் இருக்கும் ரைஸ் வரை. நாலு நாலாக நாலு கட்டம் போட்டு, இரண்டு கட்டங்களை அப்படியே வைத்து, மற்ற இரண்டை மாற்றி மாற்றிச் சேர்ப்பது என்று மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டார்கள். காகிதத்தில் பிரமாதம். வருஷா வருஷம் ஆடிப் பழகியவர்கள் பிரிந்தார்கள், விமானச் செலவு ஏறியது. 1998-இல் பி.ஒய்.யு., யூட்டா, ஏர் ஃபோர்ஸ், கொலராடோ ஸ்டேட், வயோமிங் ஐந்தின் தலைவர்கள் டென்வர் விமான நிலையத்தில் கூடிப் பேசினார்கள். 8 அணிகள் வெளியேறி மவுண்டன் வெஸ்ட் என்று தனியாகப் போய்விட்டன. 16 அணிக் கான்ஃபரன்ஸ் ஆடியது 3 சீசன். இன்றைக்கு டிவிப் பணம் கட்டிப் போட்டிருப்பதால் யாரும் அப்படிச் சட்டென்று கிளம்பிவிட முடியாது.

எஸ்.இ.சி.யின் இப்போதைய நிரந்தரப் பட்டியல் 2029 வரைக்கும்தான். அப்புறம் யார் யாருக்கு எதிராளி என்று மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள். அலபாமா–எல்.எஸ்.யு. ரசிகர்கள் மனுவை இப்போதே எழுத ஆரம்பிக்கலாம். கேள்வி இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள், டியூக்காரர்களுக்கு முதலில். நன்றி.