90-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறதா? எதையும் கழற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

[காட்சி: ஓடும் வண்டிக்குள். கப் ஹோல்டரில் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டில். பின்னால் ஸ்பீடோமீட்டர்.]

பாட்டிலைப் பாருங்கள். 80 வரை தண்ணீர் சும்மா அசைந்துகொண்டிருக்கிறது. 88, 90... இப்போது மேலே பொடிப்பொடியாக அலை கிளம்புகிறது. ஸ்டீயரிங்கும் கையில் கிடுகிடுக்கிறது. 105-ஐத் தாண்டியதும் தண்ணீர் மறுபடி அடங்கிவிட்டது.

இதை மட்டும் ஒழுங்காகக் கவனித்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் நம்மில் பலர் "வண்டி ஆடுது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். முதல் தடவை வீல் பேலன்சிங் (சக்கரத்தில் எடை சுற்றிலும் சமமாக இருக்கச் சின்ன வெயிட் ஒட்டுவது), அடுத்த தடவை அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), அப்புறம் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், கடைசியில் இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட். ஒவ்வொன்றாக மாறும், ஆட்டம் மாறாது. இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அவரும் குத்துமதிப்பாகத்தான் தேட வேண்டும். எந்த வேகத்தில் வருகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது, என்ன செய்தால் மாறுகிறது என்று சொல்லத் தெரிந்தால் தேடும் இடம் சட்டென்று சுருங்கிவிடும்.

[காட்சி: வீல் நட்டுகள், நெருக்கத்தில். ஸ்பேனர் வைக்கும் கை.]

வண்டியை ரோட்டில் ஏற்றும் முன் இது ஒன்று. சமீபத்தில் டயர் கழற்றி மாட்டியிருந்து, அதற்குப் பிறகுதான் ஆட்டம் தொடங்கியது என்றால், நான்கு சக்கரத்து நட்டுகளிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒன்று லூஸாக இருந்தாலும் அந்த வண்டி அப்படியே ஓடக் கூடாது. காற்றழுத்தத்தையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது.

சரி, ஏன் 90? ஏன் 40-ல் வருவதில்லை?

[காட்சி: திரையில் சுழலும் சக்கரம். ரிம் ஓரத்தில் சிவப்புப் புள்ளி.]

195/65 ஆர் 15 என்று எழுதியிருக்கும் டயரை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர் ஓடும். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 28 மீட்டர். ஆக சக்கரம் நொடிக்கு 14 தடவை சுற்றுகிறது. இப்போது ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் 30 கிராம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அது ஏறக்குறைய நாலரை கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். ஒரு சுற்றுக்குள் மேலே, முன்னே, கீழே, பின்னே என்று எல்லாப் பக்கமும். நொடிக்கு 14 தடவை! 50 கிலோமீட்டரில் அதே 30 கிராமின் இழுப்பு ஒரு கிலோவுக்குச் சற்று மேலேதான். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும்.

அப்படியானால் 105-க்கு மேலே இன்னும் அதிகமாக அல்லவா உதற வேண்டும்? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலம் போட்டாலும் ஏறாது. சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரத்துக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10-லிருந்து 15 அசைவுக்குள் இருக்கும். சக்கரத்தின் சுற்று அந்தத் தாளத்தோடு சேரும் வேகத்தில் ஆட்டம் பெரிதாகிறது, தாண்டியதும் அடங்குகிறது. "வேகமாகப் போனால் சரியாகிவிடுகிறது" என்று சிலர் ஒரு தீர்வு மாதிரியே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சரியாகவில்லை. பேரிங்கும் ஜாயின்டுகளும் அந்த அடியை இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

[காட்சி: நேரான, ஆளில்லாத ரோடு. பக்கத்து சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர்.]

இப்போது ரோடு டெஸ்ட். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது அவர் வேலை, ஓட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை.

முதலில், எங்கே தெரிகிறது? ஸ்டீயரிங் இடவலமாக நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரத்தின் மேல் சந்தேகம். எல்லா வண்டிக்கும் இது பொருந்திவிடாது, ஆனால் தேடலைத் தொடங்க நல்ல இடம்.

அடுத்து, அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றுங்கள். 90-ல் ஐந்தாவது கியரில் போகும்போது ஆட்டம் இருக்கிறது. வேகத்தைக் குறைக்காமல் நான்காவதுக்கு வாருங்கள். இன்ஜின் சுற்று ஏறியது, சக்கரத்தின் சுற்று அப்படியே இருக்கிறது. ஆட்டம் துளிகூட மாறவில்லையா? இன்ஜினையும் அதைத் தாங்கும் மவுண்டுகளையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு நிமிட வேலை, ஆனால் இதைச் செய்யாமல் இன்ஜின் மவுண்ட் மாற்றியவர்கள் எத்தனையோ பேர். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்து கையால் கியர் மாற்றும் வசதி இருந்தால் அதிலும் இதைச் செய்யலாம். இன்ஜினை அணைத்துப் பார்க்கும் விபரீதம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, ஆக்சிலரேட்டர். அழுத்தும்போது உதறி, காலை எடுத்ததும் நின்றால், சக்கரத்தைவிட டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திருப்பத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அது வெளிப்பக்க ஜாயின்ட், அது வேறு கதை. பின்சக்கரத்தில் இழுக்கும் வண்டியில் நடுவே ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சந்தேகத்துக்குரியது. அது சக்கரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் ஆட்டம் பெரிதாக இருக்காது. கால் மரத்துப்போகிற மாதிரி ஒரு பொடி அதிர்வாக, ரீங்காரமாகத் தெரியும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு. "டிஸ்க் வளைந்துவிட்டது" என்போம். உண்மையில் பெரும்பாலும் அது வளைவதில்லை, சுற்றிலும் தடிமன் ஒரே மாதிரி இல்லாமல் போகிறது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் தெரிந்துவிடும். பிரேக்கைத் தொடாமலே ஆடுகிறது, ஓடி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அனல் அடிக்கிறது என்றால் அந்தத் தட்டைக் கவ்வும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். கையை அருகே கொண்டுபோனாலே தெரியும், தொடாதீர்கள்.

[காட்சி: சீட்டுக்கு முன்னால் தரையில் கிடத்திய போன். திரையில் ஒரே ஒரு உயரமான கோடு.]

போனில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. அதிர்வை அளந்து, நொடிக்கு எத்தனை அசைவு என்று காட்டும் ஆப்கள் உண்டு. போனைத் தரையில் நழுவாமல் வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் எடுத்துக்கொண்ட டயரில் 100-ல் 14 என்று காட்டினால் சக்கரம். 28 காட்டினால் அதுவும் சக்கரம்தான், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அடிக்கிறது. 50-ஐ ஒட்டி வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட். நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது 100 காட்டும். உங்கள் டயரின் சுற்றளவுக்கு ஏற்ப எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பத்தில் பெரும்பாலான தடவை சக்கரத்தில்தான் வந்து நிற்கும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

[காட்சி: ரிம்மின் உட்பக்கம். டார்ச் வெளிச்சம்.]

உட்பக்கத்தைப் பாருங்கள். காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா? உள்ளங்கை அளவு சேறே மேலே சொன்ன 30 கிராமைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அப்புறம், ரிம்மில் நீள்சதுரமாக ஒரு இடம் மட்டும் அழுக்கில்லாமல் பளிச்சென்று இருந்தால், அங்கே ஒட்டியிருந்த வெயிட் கழன்று விழுந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டும் இருந்தால், சேற்றைச் சுரண்டிவிட்டு நேராகப் பேலன்சிங்குக்குப் போகலாம்.

ஆனால் பேலன்சிங் மெஷினுக்கு ஒரு குறை உண்டு. அது எடையை மட்டும்தான் பார்க்கும், வட்டத்தைப் பார்க்காது. வெயிட் ஒட்டி ஒட்டி ஒரு முட்டையைக்கூட மெஷினில் பூஜ்யம் காட்ட வைத்துவிடலாம். அதற்காக அது சீராக உருளுமா? வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, டயருக்கு அருகே ஒரு பேனாவை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேனாவுக்கும் டயருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு இடத்தில் குறைந்து இன்னொரு இடத்தில் கூடினால் டயரோ ரிம்மோ வட்டமாக இல்லை. ரிம்மின் விளிம்பிலும் பேனாவைப் பிடித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சில இடங்களில் டயர் மேல் ஒரு உருளையை அழுத்திச் சுற்றும் பேலன்சிங் மெஷின் இருக்கும். ரோட்டில் வண்டியின் பாரம் அழுத்துவதைப் போல அழுத்திப் பார்ப்பதால் இந்தக் குறையை அது கண்டுபிடித்துவிடும். பல நேரம் புது டயர் வாங்கக்கூட வேண்டாம். டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பி மாட்டினாலே டயரின் மேடு ரிம்மின் பள்ளத்தில் உட்கார்ந்து இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

20, 30 கிலோமீட்டரிலேயே வண்டி வாத்து மாதிரி இடமும் வலமும் அசைந்து நடக்கிறதா? டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம். ஓரிடத்தில் வீக்கம் தெரியும். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், அதனால் கையுறை போட்டுத் தடவுங்கள். வீக்கம் இருந்தால் இனி டெஸ்டெல்லாம் வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

நாள்கணக்கில் நின்ற வண்டி காலையில் உதறி, கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியானால், அது டயர் ஓரிடத்தில் தட்டையாகிக் கிடந்தது. விடுங்கள்.

[காட்சி: கழற்றிய சக்கரம். பின்னால் ஹப்பின் முகம், துருவோடு.]

என்னை மூன்று வாரம் அலைய வைத்த ஆட்டம் இதில் எதுவும் இல்லை. மெஷினில் நான்கு சக்கரமும் பூஜ்யம். டயர் வட்டம், ரிம் நேர். வண்டியில் மாட்டினால் மட்டும் 90-ல் உதறல். முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றினேன். சக்கரம் குற்றவாளி என்றால் ஆட்டமும் அதோடு பின்னால் போக வேண்டும். போகவில்லை, ஸ்டீயரிங்கிலேயே நின்றது. அப்போதுதான் சக்கரம் மாட்டும் ஹப்பைப் பார்க்கத் தோன்றியது. சக்கரம் பதியும் முகத்தில் நகத்துணுக்கு அளவில் ஒரு துருச் செதில், அரை மில்லிமீட்டர் தடிமன். 140 மில்லிமீட்டர் அகல முகத்தின் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் தூக்கினால், 630 மில்லிமீட்டர் டயரின் விளிம்பு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கோணிக்கொண்டு ஓடும். மெஷினில் எப்படித் தெரியும்? துரு இருந்தது வண்டியில்! கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்ததோடு முடிந்தது.

வெளியே வாங்கிய அலாய் ரிம் போட்டிருந்தால் அதே இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். நடுத் துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் ரிம் மையத்தில் உட்காராது. இடைவெளியை அடைக்க வளையம் உண்டு, அது இல்லாமல் மாட்டியிருப்பார்கள்.

அலைன்மெண்ட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும். நடுக்கத்துக்கு நேரடிக் காரணம் அபூர்வமாகத்தான் அது.

ஜாக்கியில் இருக்கும்போதே சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். பிளே (தளர்ச்சி) இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடவலமாக ஆட்டும்போது மட்டும் இருந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். இவை தேய்ந்திருந்தால் சின்னக் குறையையும் பெரிதாக்கிக் காட்டும்.

[காட்சி: நட்டுகளை எதிரெதிராக முடுக்கும் கை. பிறகு மறுபடி அந்தப் பாட்டில்.]

மாட்டும்போது நட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் முடுக்காமல் எதிரெதிராக, வண்டியின் கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) முடுக்குங்கள். 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் அதே ரோடு, அதே காற்றழுத்தம், அதே பாட்டில். 90-ல் தண்ணீர் இன்னும் அலையடித்தால் சக்கரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் பார்க்கும் இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.